பக்கத்து வீட்டுக்குப் போன பை

என் வாழ்க்கையில் நான் அதிகமாகத் திட்டியது எந்த மனிதரையும் அல்ல, ஒரு பச்சைக் கோட்டை. கணினியில் புதிய மென்பொருளைப் போடும்போது திரையில் இடமிருந்து வலமாக நீண்டுகொண்டே போகுமே, அந்தக் கோடு. பங்காருபாளையத்து மாங்காய் மண்டி ஒன்றில் அது ஒழுங்காகத்தான் கிளம்பும். வலது ஓரத்தைத் தொடப்போகும் நேரத்தில் சற்று நிற்கும். பிறகு வந்த வழியே திரும்பிவிடும். அதுவரை போட்ட கோப்புகளையெல்லாம் தானே அழித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்திருக்கும். கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு வரும். நிறுவலின்போது ஓடவேண்டிய ஒரு கட்டளை சரியாக முடியவில்லை, மென்பொருளைக் கொடுத்தவரைக் கேளுங்கள் என்று. கொடுத்தவளே நான்தான். நான் யாரைப் போய்க் கேட்பேன்?

திருப்பதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். மண்டிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் கணக்கு எழுதும் மென்பொருளைச் செய்து விற்றோம். பெங்களூரும் ஹைதராபாத்தும் ஆட்களை வாரிக்கொண்டிருந்த காலம் அது. என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். மீதிப்பேர் போவதற்காக இங்கிலீஷ் பேசிப் பழகிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் பெங்களூரில் ஒரு வேலை கிடைத்தது. ஆனால் இங்கே வேலை செய்தேன் என்றும், முறையாக விடுவிக்கப்பட்டேன் என்றும் எங்கள் முதலாளி கையெழுத்துப் போட்ட சான்றிதழைக் கொண்டுவந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். முதலாளியோ, பங்காருபாளையத்தில் மென்பொருள் ஓடட்டும், மறுநிமிடமே சான்றிதழை வாங்கிக்கொள் என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. ஆள் நிற்காமல் தவித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஒவ்வொருவராகப் போகும்போது அவர்கள் மண்டையில் இருந்ததும் கூடவே போய்விட்டது. நானும் போய்விட்டால் அந்த மண்டிக்காரருக்குப் பதில் சொல்ல அவரிடம் யாரும் இல்லை. அது எனக்குப் புரிந்தது. புரிந்ததனால் கோபம் குறைந்ததா என்றால், இல்லை. பெங்களூர்க்காரர்கள் சேரும் நாளை ஒருமுறை தள்ளி வைத்தார்கள். இன்னொரு முறை தள்ள மாட்டோம் என்று தொலைபேசியில் ஒரு பெண் மிக இனிமையாகச் சொன்னாள்.

எங்கள் ஊர் பாலசமுத்திரத்துப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கல்லூரியில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவள் நான். அம்மாவும் நைனாவும் பல வருஷம் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் சொந்தமாகக் கொஞ்சம் பயிர் வைக்க ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகப்போகும் முதல் பெண் நான். நைனா இதைப் பேருந்து நடத்துநர்களிடம்கூடச் சொல்லி வைத்திருந்தார். நான் இன்னும் போகாமல் தினமும் அதே பேருந்தில் ஏறி இறங்குவதை அவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சான்றிதழ் கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் திருச்சானூரில் தங்கியிருந்த அறையைக் காலி செய்து தொலைத்திருந்தேன். அதனால் ஊரிலிருந்து புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போய் வரவேண்டியிருந்தது. என் உடைமையெல்லாம் ஒரு பெரிய நீலப் பையில் வீட்டு மூலையில் இருந்தது.

அந்தக் கட்டளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கோப்புகளை இடம் பார்த்து வைப்பது நிறுவும் பொட்டலத்தின் சொந்த வேலை. அதில் பெரும்பாலும் தகராறு வராது. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் அதற்குள் தன் பங்குக்கு ஒரு கட்டளையைச் சொருகி வைக்கும். எங்கள் கட்டளையின் வேலை, காலியான கணக்குப் புத்தகம் ஒன்றைத் திறந்து அந்த வருஷத்தைத் தொடங்கி வைப்பது. அது முடிந்தது என்று சொன்னால் பச்சைக் கோடு வலது ஓரத்தைத் தொடும். முடியவில்லை என்று சொன்னால் எல்லாம் திரும்பப் போய்விடும். ஏன் முடியவில்லை என்று அது சொல்லாது. திரைக்குப் பின்னால் ஓடும் வேலை அது, அதற்கு வாய் கிடையாது. ஒரு எண்ணை மட்டும் எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போகும்.

முதலில் நான் சந்தேகப்பட்டது அதிகாரத்தை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் பெயரில் அந்தக் கட்டளை ஓடுவதில்லை, இயந்திரத்தின் சொந்தப் பெயரில் ஓடும். அதனால் நம் கண்ணுக்குத் தெரியும் பல பொருள்கள் அதன் கண்ணுக்குத் தெரியாது. திருச்சானூர் லாட்ஜ் ஒன்றில் இப்படித்தான் வரவேற்பாளரின் பிரிண்டரைத் தேடித் தேடிக் கிடைக்காமல் படுத்துக்கொண்டது. இங்கேயும் அதுதான் என்று நினைத்து எல்லா அனுமதிகளையும் திறந்துவிட்டேன். கோடு திரும்பியது. கோப்புறையின் பெயருக்கு நடுவே இருந்த இடைவெளியைச் சந்தேகப்பட்டேன். வைரஸ் தடுப்பானை நிறுத்தினேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அலுவலகத்தில் பொட்டலத்தைப் புதிதாகக் கட்டி, புதிய சிடியில் எழுதி எடுத்துப்போனேன். அலுவலகக் கணினியில் சிரித்துக்கொண்டே ஓடும். பங்காருபாளையத்தில் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்.

கட்டளையை எழுதியவரைக் கேட்கலாமே என்றால், அவர் ஹைதராபாத் போய், அங்கிருந்து அமெரிக்காவும் போய்விட்டார். அவர் எழுதிய மூலத்தை அவருடைய கணினியோடு சேர்த்து யாரோ துடைத்துவிட்டார்கள். ஓடும் கோப்பு மட்டும்தான் எங்களிடம் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத ஒரு கட்டளையோடு தினமும் மல்லுக்கட்டினேன். அவர் நல்ல மனிதர், எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர். ஆனாலும் அந்த நாட்களில் அவருக்கு அமெரிக்காவில் ஓயாமல் விக்கல் எடுத்திருக்க வேண்டும்.

மண்டியில் கணினி ஒரு சாமி மாதிரி இருந்தது. திரையின் நான்கு மூலையிலும் மஞ்சள் குங்குமம், மேலே காய்ந்துபோன பூச்சரம். தெலுங்கு வருஷப் பிறப்பான உகாதியன்று வாங்கி வைத்து, புரோகிதரைக் கூப்பிட்டுப் பூஜை போட்டிருந்தார்கள். அன்றைக்கே மென்பொருளும் ஓட ஆரம்பித்திருக்க வேண்டியது. எங்கள் பொட்டலம் அன்று தயாராகவில்லை, தாமதம் எங்களுடையதுதான். மண்டிக்காரர் என்னைப் பார்க்கும் போதெல்லாம், உகாதிக்கே பூஜை போட்டு வைத்துவிட்டேன் என்பார். குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். சித்திரை முடிந்துகொண்டிருந்தது. மாங்காய் லாரிகள் வர ஆரம்பித்தால் கணினியைத் தொட ஒருவருக்கும் நேரமிருக்காது. அதற்குள் ஓடாவிட்டால் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்று எங்கள் முதலாளிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். திருப்பி எடுத்துவிட்டால் என் சான்றிதழ் அவ்வளவுதான்.

மறுபடியும் போகவேண்டியிருந்தது. கொஞ்சம் நல்ல உடையாக உடுத்திக்கொண்டு போவோம் என்று முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் பையைத் தேடினேன். மூலை காலியாக இருந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள். கேட்டேன்.

"பக்கத்து ஊட்ல கீது" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமல்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நான் பெங்களூர் போவதற்கென்று அம்மா ஒரு நல்ல நாள் பார்த்து வைத்திருந்தாள். அந்த நாள் வந்தது. சான்றிதழ் வரவில்லை. நான் வழக்கம்போலத் திருப்பதி போயிருந்தேன். நல்ல நேரம் தாண்டுவதற்குள் அம்மா என் பையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். நல்ல நேரத்தில் ஆளால் கிளம்ப முடியவில்லை என்றால், அவருடைய பொருள் ஒன்றை அந்த நேரத்தில் வெளியே அனுப்பி இன்னொரு வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். பிறகு ஆள் எந்த நேரத்தில் போனாலும் குற்றமில்லை. ஆனால் வெளியே போன பொருள் திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது.

எனக்குத் தலைக்கேறியது. துணியெல்லாம் அங்கே, நான் இங்கே, நாளைக்கு எதை உடுத்திக்கொண்டு போவது என்று கத்தினேன். நான்கு நாளாகப் பழைய பாவாடைதான் கொடியில் கிடக்கிறது, அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும் என்றேன். இதெல்லாம் அந்தப் பெரிய வீட்டுக்காரர்கள் பழக்கம், நமக்கு எப்போது வந்தது என்றும் கேட்டுவிட்டேன். அம்மா வேலை செய்த பண்ணை வீட்டைத்தான் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த ஊட்டுப் புள்ள அமெரிக்கா போனப்ப பரஸ்தானம் வெச்சாங்க. பெட்டியத் தூக்கிக்கினு போயி வெச்சதே நான்தான். எம் பொண்ணுக்கு நான் வெக்கக்கூடாதா?"

அதற்கு மேல் நான் கத்தவில்லை. அம்மாவே கொஞ்ச நேரம் கழித்துச் சமாதானமாகச் சொன்னாள்: "நீ அன்னிக்கே பொறப்பட்டுட்ட. இன்னமே எப்ப போனாலும் அன்னிக்கிப் போன கணக்குதான்."

மறுநாள் காலையில் பழைய உடையோடுதான் பேருந்து ஏறினேன். மண்டிக்குப் போகும் முன் அலுவலகத்தில் புதுச் சிடியை எடுத்துக்கொள்ள வேண்டும். சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். அன்றைக்குப் போன கணக்கு. இது என்ன கணக்கு? நடக்காத ஒன்றை நடந்ததாக வைத்துக்கொண்டு மேலே நடத்துவதா? இப்படி உருட்டிக்கொண்டே வந்தபோது, கேட்காமலே மண்டிக்காரரின் குரல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. உகாதிக்கே பூஜை போட்டு வைத்துவிட்டேன். அவர் குத்திக் காட்டவில்லை. ஒரு தகவலைச் சொல்லியிருக்கிறார். பூஜையைப் போட்டு, அந்த நாளை எங்கே வைத்தார்?

புத்தூரில் பேருந்து நின்றதும் இறங்கி, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தேன். மண்டியின் குமாஸ்தா எடுத்தார். பொறுமைசாலி, நான் தொலைபேசியில் சொல்லும் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லித் தட்டுபவர். கணினியில் இன்றைக்கு என்ன தேதி காட்டுகிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

"அத்த இன்னாத்துக்குப் பாக்கணும் மேடம், உகாதிதான்" என்றார் அவர். "டெய்லி காத்தால ஆன் பண்ண ஒடனே நான்தான் உகாதிக்கி வெக்கிறேன். கணக்கு ஆரம்பிக்கிற வரிக்கும் மாத்தக்கூடாதுன்னு ஓனர் சொல்லிகீறாரு."

நான் ரிசீவரைக் காதில் வைத்தபடியே பூத்துச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். லைன் கட் ஆகிவிட்டதோ என்று அவர் இரண்டுமுறை கூப்பிட்டார். அந்தக் கணினியின் மூலையில் நேரம் மட்டும்தான் தெரியும், தேதியைப் பார்க்க வேண்டுமென்றால் தனியாகத் திறந்து பார்க்கவேண்டும். நேரம் சரியாக இருந்தது. தேதி எனக்குத் தோன்றவே இல்லை. யாருக்குத்தான் தோன்றும்? அவர்களுக்கும் இதை என்னிடம் சொல்லத் தோன்றவில்லை. நல்ல காரியத்தை நல்ல நாளில் தொடங்குவது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, இதில் இஞ்சினியர் மேடத்திடம் சொல்ல என்ன இருக்கிறது.

அலுவலகத்துக்குப் போய்க் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் என் கணினியின் தேதியை உகாதிக்குத் தள்ளினேன். பொட்டலத்தை ஓடவிட்டேன். பச்சைக் கோடு போனது, ஓரத்துக்கு முன்னால் நின்றது, திரும்பியது. ஒரு வேலை கெட்டுப்போவதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒருமுறைதான். முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். காரணத்தை நாங்களே கூடிப் பேசி ஊகித்தோம். உள்ளே இருக்கும் பேட்டரி செத்துப்போன கணினிகள் பழைய தேதிக்குப் போய்விடும். அதில் கணக்கு எழுதினால் எல்லாம் குழம்பிவிடும். அதனால் அமெரிக்கா போனவர் ஒரு காவல் வைத்திருக்கிறார். பொட்டலத்தில் இருக்கும் காலிப் புத்தகத்தின் தேதியைவிடக் கணினியின் தேதி பழையதாக இருந்தால், கட்டளை வேலையை நிறுத்திவிடும். நான் புதிது புதிதாகக் கட்டிய எல்லாப் பொட்டலமும் உகாதிக்குப் பிறகு பிறந்தவை. எத்தனை சிடி எழுதினாலும் அது ஏற்றுக்கொண்டிருக்காது. நிறுவும்போது நடப்பதையெல்லாம் கணினி வரிவரியாக எழுதி வைக்கும் பதிவுக் கோப்பை மண்டியிலிருந்து கொண்டுவந்திருந்தேன்; அதன் முதல் வரியிலேயே உகாதித் தேதி இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். பிழை கீழேதான் இருக்கும் என்று எப்போதும் அடியிலிருந்தே படிக்கிற ஆள் நான்.

தேதியை மாற்றச் சொன்னால் முடிந்தது என்றார் முதலாளி. மண்டிக்காரரை அவர் அவ்வளவாக அறியமாட்டார். நான் சித்தூருக்குப் பேருந்து ஏறி, அங்கிருந்து பங்காருபாளையத்துக்குப் போனேன்.

நினைத்தபடியே மண்டிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பி.காம். படித்தவர், தெலுங்கும் தமிழும் கலந்து நிதானமாகப் பேசுபவர். அவர் அப்பா காலத்திலிருந்து இந்த மண்டியில் உகாதி தவிர வேறு நாளில் புதுக்கணக்கு தொடங்கியதில்லை. ஒரே ஒரு வருஷம்தான் தவறிப்போய் வேறு நாளில் தொடங்கினார்கள், அந்த வருஷம் பூவெல்லாம் மழையில் கொட்டிப்போனது. கம்ப்யூட்டர் தேதியை மாற்று என்றால், பூஜை செய்ததே இல்லை என்று ஆகிவிடும் என்றார். உங்கள் மென்பொருளுக்காக என் சாமியை நான் மாற்றிக்கொள்ள முடியாது என்றார். கடைசியில், "ஒத்துவரலன்னா பர்லேதுமா, பரவால்ல, எடுத்துக்கினு போயிடு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அதிகாரம், அனுமதி, பேட்டரி என்று எனக்குத் தெரிந்த எதுவும் அங்கே செல்லாது என்று புரிந்தது. பெங்களூர் என் கையைவிட்டுப் போவதைக் கண்ணால் பார்த்தேன். அப்போது என் வாயில் வந்தது அம்மாவின் பேச்சு.

"சார், தேதிய மாத்துனாலும் நாளு மாறாதுன்னு வெச்சிக்கோங்க. பூஜ போட்டது பரஸ்தானம். கணக்கு உகாதி அன்னிக்கே பொறப்பட்டாச்சு. இன்னமே எப்ப ஆரம்பிச்சாலும் அன்னிக்கி ஆரம்பிச்ச கணக்குதான்."

அவர் நின்றார். என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். என் பழைய உடையையும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"உங்க ஊட்ல பரஸ்தானம் வெப்பீங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். வேறொரு நாளாக இருந்தால் சூடாகவே பதில் சொல்லியிருப்பேன். "எங்கம்மா வெச்சிகீறாங்க சார். என் பை பக்கத்து ஊட்ல கீது. நான் பெங்களூருக்குப் பொறப்பட்டுட்டேன், இந்த வேல முடியலன்னுதான் இன்னும் இங்க நின்னுகினு கீறேன்" என்றேன்.

அவர் திரும்பிவந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சிரித்துவிட்டார். குமாஸ்தாவைப் பார்த்து, இன்றைய தேதியை வை என்று தெலுங்கில் சொன்னார். குமாஸ்தா திரைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தேதியை மாற்றினார். பச்சைக் கோடு கிளம்பியது. ஓரத்துக்கு முன்னால் அதன் வழக்கப்படி நின்றது. பிறகு அது சத்தமில்லாமல் ஓரத்தைத் தொட்டது. கணக்கு வருஷம் எந்த நாளில் தொடங்குகிறது என்று மென்பொருள் கேட்கும் இடத்தில், உகாதித் தேதியை மண்டிக்காரரே தன் விரலால் தட்டினார்.

சொன்னபடி முதலாளி சான்றிதழைக் கொடுத்தார். நல்ல பெண், நல்ல வேலைக்காரி என்று அதில் எழுதியிருந்தார். கொடுக்கும்போது அவர் கண் வேறு எங்கோ இருந்தது.

ஊரை விட்டுக் கிளம்பிய நாளன்று நான் வெறும் கையோடு வீட்டைவிட்டு வெளியே வந்தேன். முறைப்படி பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கிருந்துதான் பயணம். அம்மாவும் நைனாவும் முன்னாலேயே பேருந்து நிறுத்தத்துக்குப் போயிருந்தார்கள். காலையிலிருந்து அம்மா கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சோறு கட்டினாள், ஊறுகாய்ப் பாட்டிலுக்குத் துணி சுற்றினாள், சாப்பாட்டைச் சிந்தாமல் துன்னு என்றாள். எனக்கு உள்ளுக்குள் வருத்தமாகத்தான் இருந்தது. பெண்ணை அனுப்பும் அம்மாக்கள் அழுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

பெரியம்மா உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். பையின் மேல் ஒரு தூசி இல்லை. கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"உங்கம்மா டெய்லி சாய்ங்காலம் வந்து இந்தப் பைகிட்ட ஒக்காந்துக்குவா. தொட்டுத் தொட்டுப் பாத்துகினு அழுவா. எம் பொண்ணு பெங்களூர்ல எப்பிடி கீறாளோ, இன்னா துன்றாளோன்னு என்னக் கேப்பா. நான் இன்னா சொல்றது?"

அந்தச் சாயங்காலங்களில் நான் சுவருக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டில்தான் இருந்தேன். அம்மா எங்கே போனாள், இன்னும் சோறு ஆகவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டு, திரும்பிப்போகும் ஒரு பச்சைக் கோட்டை நினைத்துக் கொண்டிருந்தேன்.

நிறுத்தத்துக்கு எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. சித்தூர் பேருந்து தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அம்மா சோற்றுப் பொட்டலத்தை என் பையின் ஓரத்தில் சொருகினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன், நைனாவுக்கும் அங்கே நின்றிருந்தவர்களுக்கும் எதிரிலேயே. அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"இப்ப இன்னாத்துக்கு அழுவுற?" என்றாள். "நீ போயி எத்தினி நாளாச்சி."